கட்டுத்தரை காலியான பிறகு

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவ உளவியலில் முதியோர் மனநலம்தான் என் ஆய்வு. அதற்காகக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்வருகிறேன். அங்கே பார்த்த ஒரு அப்பாருவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வயது எழுபத்தாறு. மனைவி தவறி இரண்டு வருடம். மகன் திருப்பூரில் பனியன் தொழில், மகள் கோவையில். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒற்றை வீட்டில் தனியாக இருந்தார். நெஞ்சு எரிகிறது, கால் குடைகிறது, ராத்திரி தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகன் கூட்டிப்போகாத டாக்டர் இல்லை. ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எதிலும் கோளாறு தெரியவில்லை. கடைசியில், "வயசானா அப்படித்தானுங்க" என்றார் மகன்.

இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மனச்சோர்வு மூப்பின் பகுதி இல்லை. அது ஒரு நோய். சிகிச்சை செய்தால் குறையக்கூடிய நோய்.

அமெரிக்காவில் ஜெரோம் யெசவேஜும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் முதியோருக்கென்றே ஒரு மனச்சோர்வு அளவுகோலை உருவாக்கினார்கள். முதலில் 30 கேள்விகள். 1986-இல் அதை 15 ஆகச் சுருக்கினார்கள். ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். அதில் தூக்கம், பசி, உடல்வலி பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. மனச்சோர்வே இல்லாத முதியவருக்கும் தூக்கம் குறையும், மூட்டு வலிக்கும். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். பழைய வேலைகளை, ஆர்வங்களை விட்டுவிட்டீர்களா, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா என்று மனதைத்தான் கேட்கிறார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் நம் பக்கத்தில் "மனசு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டால், "அதுக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்குது" என்று பேச்சு முடிந்துவிடும். நெஞ்சு எரிச்சலைச் சொல்வார்கள். அழுகை வருவதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்டேன். "முன்னயெல்லாம் காலைல எந்திரிச்சதும் என்ன வேலைங்க பாப்பீங்க?"

அவ்வளவுதான், முக்கால் மணிநேரம் பேசினார். நாலு மணிக்குக் கட்டுத்தரையில் சாணி அள்ளுவது, பால் கறப்பது, கேனை சைக்கிளில் மாட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போவது, ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஊர்ச்சேதி பேசுவது. மனைவி போனதும் பிள்ளைகள் மாடுகளை விற்றுவிட்டார்கள். "இனி எதுக்குங்கப்பா கஷ்டம், சும்மா இருங்க" என்றார்களாம். பாசத்தில் செய்ததுதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாடுகளோடு அவருடைய விடிகாலையும் போய்விட்டது, நாலு பேரைப் பார்ப்பதும் நின்றுவிட்டது. தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொலையான செய்திகள் வந்த பிறகு, பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொள்வாராம். அப்புறம் எங்கே தூக்கம் வரும்?

மகனுக்கு இன்னொரு பயமும் இருந்தது, மறதி நோயாக இருக்குமோ என்று. மனச்சோர்விலும் மறதி வரும். பெரும்பாலும், மனச்சோர்வு உள்ளவர் "ஒண்ணுமே நெனவில நிக்கறதில்லீங்க" என்று தானே புலம்புவார். மறதி நோய் வந்தவரோ பல நேரம் மறந்ததே தெரியாமல் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். வீட்டிலிருந்தே பிரித்துச் சொல்லிவிட முடியாது. தைராய்டு, வைட்டமின் பி12, காது கேட்கிறதா என்பதையெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டும். காதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கேட்காதவர் மெல்லப் பேச்சை விடுவார், பிறகு ஆட்களையே விடுவார்.

கோவாவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 2019-இல் வெளிவந்தது. லேசான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த, அறுபது வயது கடந்த 181 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் போய்ப் பேசினார்கள். டாக்டர்கள் இல்லை. அன்றாடப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்வு தேடக் கற்றுக்கொடுத்தார்கள். தூக்கத்துக்கு வழி சொன்னார்கள், சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள், அரசு உதவிகளைப் பெறத் துணை நின்றார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பிரிவில் 91 பேரில் 4 பேருக்குத்தான் முழு மனச்சோர்வு வந்தது. மற்றப் பிரிவில் 90 பேரில் 13 பேருக்கு வந்தது. நம் ஊரிலும் இது முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள். சாகலாம் போலிருக்கிறது என்று பெரியவர் ஒருவர் சொன்னால், பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அப்பாருவுக்கு மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். மாடு வாங்கித் தர மகன் தயாராகத்தான் இருந்தார்; இவர்தான் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் பாலை வாங்கிக்கொண்டு போய்ச் சொசைட்டியில் ஊற்றுகிறார். போன மாதம் போனபோது வீடு பூட்டியிருந்தது. சொசைட்டித் திண்ணையில்தான் பிடித்தேன். நெஞ்சு எரிச்சல் எப்போதாவது வருகிறதாம். "நாலு மணிக்கு எந்திரிக்கோணும் கண்ணு, அதனால வெள்ளனே படுத்துக்கறேன்" என்றார்.

வணக்கம்.