கூதிர் நாளில் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவில் பளிச்சென்று வெயிலடிக்கும் டிசம்பர் ஞாயிறுகளில் நான் வீட்டை விட்டு நகர்வதில்லை. அன்றைக்கு நந்தி மலைச் சாலையில் விடிவதற்கு முன்பே கார்கள் வரிசைகட்டி நிற்கும். எனக்கு வேண்டியது வேறு நாள். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு, மூன்று நாளாகச் சூரியனைக் காணோம், கொடியில் போட்ட துணி காயவில்லை என்கிற நாள். அன்றுதான் நான் பழைய காலணியைத் தேடுவேன். "இந்த மழையில் ஊர் சுற்றப் போகிறாராம்" என்று மனைவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்வது படியிறங்கும்போதே காதில் விழும்.

தமிழில் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு பெயர் உண்டு: கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கணக்கு அப்படி. பெங்களூருவிலோ கூதிர் மார்கழி வரை காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் கொட்டித் தீர்க்கும் புயல் மழை இங்கே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் தூறலாக இளைத்துவிடும். மேகம் மட்டும் இளைக்காது. 27 டிகிரியை ஒட்டி ஏறவேண்டிய பகல் வெப்பம் ஐந்தாறு டிகிரி கீழேயே நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், மேகம் போர்வையாக மூடியிருப்பதால் அன்றைய இரவில் தெளிந்த மார்கழி இரவின் அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை. நடுக்குவது பகல்தான், பகலும் ஈர வாடைக்காற்றும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த வார இறுதியில், நானும் ஒரு நண்பரும் மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி ஹெசரகட்டாவுக்குப் போனோம். பெங்களூருவின் குடிநீருக்காக 1894இல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டிய ஏரி அங்கே இருக்கிறது. பக்கத்தில் பரந்த புல்வெளி. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப் பருந்துகள் அங்கே வந்து தங்கும். அன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஏரியின் மறுகரையே தெரியவில்லை.

தொலைவு மறைந்ததும் கண் தானாகக் காலடிக்கு இறங்கியது. புல்லுக்கிடையே எங்கு பார்த்தாலும் சிலந்தி வலைகள். வெயில் நாளில் மிதித்துக்கொண்டு போயிருப்போம். தூறல் அவற்றின்மேல் பொடிப்பொடியாகத் தங்கி, ஒவ்வொன்றும் யாரோ கைக்குட்டையை உலர்த்தியதுபோல் வெளுத்துக் கிடந்தது. நடுவில் புனல்போல ஒரு துளை. குனிந்து ஒரு புல்லால் தொட்டேன். துளையின் வாயில் நான்கு கால்கள் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போயின. நண்பர் வலைகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு கைவிட்டார்.

குடையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தெருவோர நடைபாதைக்குத்தான் லாயக்கு. ஏரிக்கரையில் வாடையின் ஒரே வீச்சில் என் குடை மல்லாந்துவிட்டது. மழைச்சட்டையும் கம்பளிக் குல்லாயும் போதும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடியைப் பாலித்தீன் பையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் காலணியில் அப்பி, காலுக்கு அரைக்கிலோ ஏறிவிடும். அதற்கு மட்டும் மருந்தில்லை.

புல்வெளி முடிந்து வயல்கள் தொடங்கிய இடத்தில், ஒரு பாட்டி அறுத்துக் குவித்த கேழ்வரகுத் தாளின்மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். காற்று அதைத் திரும்பத் திரும்பப் பிடுங்கியது. எங்களைக் கண்டதும், "வேலையில்லாமல்தானே சுற்றுகிறீர்கள், அந்த முனையைப் பிடியுங்கள்" என்றார் கன்னடத்தில். பிடித்தோம். நான்கு முனையிலும் கல் வைத்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கதிர் நனைந்தால் குவியலுக்குள்ளேயே முளைவிட்டுவிடும், தானியம் கறுத்துவிடும் என்றார். நான் ரசித்துக்கொண்டு வந்த தூறலை அவர் வழிநெடுகத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

விடைபெறும்போது வரப்பிலிருந்த மொச்சைக் கொடியில் இரண்டு கைப்பிடி பறித்துக் கொடுத்தார். மார்கழி மொச்சையின் தோலில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய் இருக்கும். அதன் வாசனைக்குக் கன்னடத்தில் சொகடு என்று பெயர். சோப்புப் போட்டாலும் கையை விட்டு லேசில் போகாது. திரும்பும் பஸ்ஸில் சில்லறை நீட்டினேன். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துனர் மூக்கை உறிஞ்சினார். என் மண் படிந்த காலணியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மொச்சை எங்கே வாங்கினீர்கள்? கிலோ என்ன விலை?"