கோப்பிக் கடையில் நிறுத்தும் பத்து நிமிடம்: ஒன்ராறியோவில் வேட்டைத் துவக்கை வண்டியில் கொண்டுசெல்லுதல்

வணக்கம் உறவுகளே. நவம்பர் மான் வேட்டைக் காலம் நெருங்கும்போது என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது, எந்தத் துவக்கை வாங்கலாம் என்பதல்ல, "ஸ்காபரோவிலிருந்து பரி சவுண்ட் வரைக்கும் அதை வண்டியில் எப்படிக் கொண்டுபோறது, அண்ணா?" என்பதுதான். இன்று அதற்கு மட்டும் விடை சொல்கிறேன். பி.ஏ.எல். எனப்படும், துவக்கை வாங்கவும் வைத்திருக்கவுமான அனுமதிப்பத்திரம் உள்ளவர், கட்டுப்பாடற்ற வகையைச் சேர்ந்த சாதாரண வேட்டைத் துவக்கை எடுத்துச் செல்வதைப் பற்றியே பேசுகிறேன். கைத்துப்பாக்கி போன்ற கட்டுப்படுத்தப்பட்ட வகைகளுக்கு விசைப்பூட்டு (விசையை இழுக்க முடியாதபடி போடும் பூட்டு), உள்ளே இருப்பது தெரியாத பூட்டிய பெட்டி, தனியான போக்குவரத்து அனுமதி ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கூட்டாட்சி அரசின் 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இந்த வகைத் துவக்குக்கு விதிக்கும் முதல் நிபந்தனை, கொண்டுசெல்லும்போது அது வெறுமையாக இருக்க வேண்டும் என்பதாகும். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், நம்மவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த ஒரு சொல்லில்தான். வெறுமை என்றால் சுடும் அறையில் ரவை இல்லாதிருப்பது மட்டுமல்ல, துவக்கில் பொருத்தப்பட்டிருக்கும் ரவைக்கூட்டிலும் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. ரவைக்கூட்டைக் கழற்றித் தனியே பையில் வைத்துவிட்டால் துவக்கு வெறுமையானதாகிவிடும். அது துவக்கிலேயே இருந்து, அதற்குள் இரண்டு ரவைகள் கிடந்தால், அறையை எத்தனை தடவை திறந்து காட்டினாலும் அது நிரப்பப்பட்ட துவக்கே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் மூவர் காட்டுப் பாதையால் திரும்பிக்கொண்டிருந்தபோது அதிகாரி ஒருவர் வண்டியை மறித்தார். எங்களில் இளையவருடைய துவக்கு பின்னிருக்கையில் உறையின்றிக் கிடந்தது. அறை வெறுமையாக இருந்தது, ரவைக்கூட்டில் இரண்டு ரவைகள் இருந்தன. அவர்மீது குற்றச்சாட்டுப் பதிவாகியது, துவக்கையும் எடுத்துச் சென்றார்கள். தம்பி அறியாமல் செய்த பிழைதான். ஆனால் வண்டியில் ஏறுமுன் ஒவ்வொரு துவக்கையும் வாங்கிப் பார்த்திருக்க வேண்டிய மூத்தவன் நான், பார்க்கவில்லை.

அந்த மாலையில், இருட்டிய பின்னர் துவக்கு உறையின்றிக் கிடந்ததால், இன்னொரு சட்டமும் மீறப்பட்டிருந்தது. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னரிலிருந்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னர் வரை, வனவிலங்குகள் வாழும் பகுதியில் இருப்பவரும், அங்கே போகும் அல்லது அங்கிருந்து திரும்பும் வழியில் இருப்பவரும், வேட்டைத் துவக்கை வெறுமையாக்கி உறையிட்டே வைத்திருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில், கடிகாரத்தைப் பின்னே திருப்பிய பிறகு, ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடுவதால், வீடு திரும்பும் பயணம் ஏறக்குறைய எப்போதும் இந்த நேரத்துக்குள்தான் வரும். ஆகவே உறையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பகலிலும்கூட, நிரப்பிய துவக்கை வண்டியிலோ, ஏ.டி.வி. எனும் காட்டுப்பாதை ஊர்தியிலோ, பனி ஊர்தியிலோ, மோட்டார் படகிலோ வைத்திருப்பது குற்றமாகும். காட்டுக்குள்ளே ஐந்நூறு மீற்றர் தூரம் ஏ.டி.வி.யில் போவதற்கும் இதுவே சட்டம்.

குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் இடித்து நிரப்பும், ஊரில் நாம் இடியன் துவக்கு என்று சொல்லும் வகையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. குழலில் மருந்தும் குண்டும் இறுகியிருந்தாலும், தீப்பொறி தரும் தொப்பியையோ சிக்கிமுக்கிக் கல்லையோ கழற்றிவிட்டு, ஒரு வேட்டை இடத்திலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுசெல்வதைக் கூட்டாட்சி விதி அனுமதிக்கிறது. இது வேட்டை இடங்களுக்கு இடையே மட்டும்தான். வீட்டுக்குத் திரும்பும் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனிக் கோப்பிக் கடைக்கு வருவோம். எல்லோரும் இறங்கிப்போய் வண்டியில் கவனிப்பவர் எவரும் இல்லாதபோது, துவக்கைப் பூட்டிய டிக்கிக்குள் வைத்திருக்க வேண்டும். எஸ்.யூ.வி., பிக்கப் போன்ற, தனியான டிக்கி இல்லாத வண்டி என்றால், துவக்கு வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதிருக்க வேண்டும், வண்டியும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விசைப்பூட்டுக் கட்டாயம் என்று பலர் சொல்வார்கள். சாதாரண வீதிப் பயணத்தில் இந்த வகைக்கு அது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் நான் எப்போதும் போட்டே கொண்டுபோகிறேன், ஏனெனில் இரவு மோட்டலில் தங்கி அறையில் துவக்கை வைக்கும்போது, சேமித்து வைப்பதற்கான கடுமையான விதிகள் பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வண்டியை ஓட்டுபவரையும் மறக்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாத மருமகன் ஓட்ட, அனுமதிப்பத்திரம் உள்ள நீங்கள் பக்கத்தில் இருந்தால் சிக்கலில்லை. துவக்கு உள்ளே இருப்பது தெரிந்தும் அவர் தனியாக அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனால், குற்றவியல் சட்டத்தின் 94ஆம் பிரிவு அவர்மீது பாயும். துவக்கைக் கொண்டுசெல்லும் விதிகளை மீறுவது அதே சட்டத்தின் 86ஆம் பிரிவில் வருகிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு.

விமானத்தில் மேற்கு மாகாணங்களுக்குப் போகிறவர்கள், வெறுமையான துவக்கைப் பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவித்து, கையோடு கொண்டுபோகாமல், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பயணப் பொதியாகவே அனுப்ப வேண்டும். ரவைகள் ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இருவருக்குரியதை ஒரே பொதியில் சேர்க்கவும் கூடாது. இடியனுக்கான கறுப்பு மருந்தை எந்தப் பொதியிலும் கொண்டுபோக முடியாது, போகும் ஊரிலேயே வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள், வெளிநாட்டவருக்கான துவக்கு அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, கையெழுத்திடாமல் கொண்டுவந்து, எல்லை அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். 25 டொலர் கட்டணம், 60 நாள் செல்லுபடி, வேட்டைக்கென 200 ரவைகள் வரை தீர்வையில்லை.

வண்டி உடைக்கப்பட்டுத் துவக்குத் திருட்டுப்போனால், தாமதிக்காமல் பொலிசுக்கு அறிவிப்பது சட்டக் கடமையாகும். அப்போது அவர்கள் முதலில் கேட்பது தொடர் இலக்கத்தைத்தான். துவக்கு நம்மிடம் இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால், புறப்படுவதற்கு முன் அந்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.