இட்டேரி, சுமைதாங்கி, பழந்தடம்: வருசம் பூரா என்ன வேலை, எந்த மாசத்துல?

வணக்கம்ங்க. கொங்கு நாட்டுல பழைய வழின்னா ராசகேசரிப் பெருவழிதான் மொதல்ல ஞாபகம் வரும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் போன சோழர் காலத்து வழி. சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துல பாறையில வட்டெழுத்துலயும் தமிழ் எழுத்துலயும் அதோட பேரை வெட்டி வெச்சிருக்காங்க. அதைப் பாத்துக்கத் தொல்லியல் துறை இருக்குது. ஆனா உங்க ஊரு இட்டேரி (ரெண்டு பக்கமும் உயிர்வேலி இருக்கற மண்தடம்), வண்டித்தடம், ஓரத்துல சாஞ்சு நிக்கற சுமைதாங்கி (தலைச்சுமையை எறக்கி வைக்கற கல்லு), இதையெல்லாம் ஊருதான் பாத்துக்கோணும்.

தையில ஆரம்பிங்க. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு மண்ணு ஈரமா இருக்கறப்பதான் களையா மண்டற உண்ணிச்செடி வேரோட வரும். மேலாப்புல அருவாள்ல வெட்டினா பத்துக் கிளையா தழையும். கொத்துல மண்ணைத் தள்ளி, தரைக்குக் கீழ ரெண்டு அங்குலத்துல ஆணிவேரை அறுத்து, புதரை வேரு மேல வர்ற மாதிரி கவுத்துப் போடுங்க. கிளை ஈர மண்ணுல பட்டா மறுபடி வேர் விட்டுரும். சீமைக்கருவேலத்துக்கு ஒரு அடி ஆழம் போகோணும். அடுத்த வருசமும் அதே எடத்துக்கு வந்து பாருங்க. குருவி பழத்தைத் தின்னு போட்ட விதை, மரத்தடியில கண்டிப்பா மொளைச்சிருக்கும்.

ஒண்ணு சொல்றேன், ஜேசிபி வெச்சு ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல வழிச்செடுக்கற வேலை வேண்டாம்ங்க. சங்கஞ்செடி, பெரண்டை, கோவைக்கொடி எல்லாம் சேந்து போயிரும். கௌதாரிக்கும் கீரிக்கும் எடமிருக்காது. வேலி போன கரை அடுத்த மழையில தடத்துக்குள்ளயே சரியும். இந்த வருசம் ஒரு பக்கம், அடுத்த வருசம் மறுபக்கம், அப்படிப் பண்ணுங்க.

பங்குனி, சித்திரையில, வேலியில விழுந்த சந்தை அடைக்கக் கிளுவை நடோணும். எலை உதுந்து நிக்கறப்ப போத்து (நடற கிளைத்துண்டு) வெட்டோணும், துளிர் வந்துட்டா நட்டது காயும். கட்டை வெரலைவிடத் தடியா, நாலு அஞ்சு அடி நீளம். அடிப்பக்கம் சாய்வா, மேப்பக்கம் நேரா வெட்டுங்க, நடறப்ப தலைகீழாப் போகாது. நெழல்ல ரெண்டு மூணு நாளு சாத்தி வெச்சா வெட்டுவாய் காஞ்சு, அழுகறது கொறையும். கடப்பாரையில குழி போட்டு ஒரு அடி ஆழம் நட்டு, காலால இறுக மிதிங்க. இடைவெளி ஒரு சாண், அதாவது ஒம்போது அங்குலம். முப்பது அடி சந்துன்னா 41 போத்து. நாலஞ்சு சேத்து வெட்டி வையுங்க, எப்படியும் சிலது பட்டுப் போகும்.

நெறையப் பேரு கோட்டை விடறது இதுக்கு அப்பறம்தான். ஆனி, ஆடியில கணவாய்க் காத்து அடிக்கும் பாருங்க, போத்து ஆடி ஆடி புது வேரு அறுந்துரும். குறுக்கால மூங்கில் தப்பை வெச்சு, தரையிலிருந்து ரெண்டு அடி ஒசரத்துல எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிருங்க. வெள்ளாடு வாய் வைக்காம வெளிப்பக்கம் முள்ளு போடுங்க.

இனி கல்லு. சுமைதாங்கின்னா ரெண்டு தூணு, மேல ஒரு படுக்கைக்கல். கர்ப்பமா இருந்து செத்துப்போன பொண்ணுக நெனப்பா வெச்சது நெறைய. படுக்கைக்கல் அஞ்சடி நீளம், ஒரு அடி அகலம், முக்கா அடி கனம் இருந்தா கன அடிக்கு 75 கிலோ கணக்குல 280 கிலோ வரும். ஆளு தூக்கற வேலை இல்லீங்க. மூணு கம்பத்தை மேல சேத்துக் கட்டின முக்காலி நட்டு, ஒரு டன் செயின் பிளாக் போட்டு, நைலான் பெல்ட்டுல தூக்குங்க. இரும்புக் கயிறு கல்லு முனையைத் தின்னுரும். தூணைத் தூக்குக்குண்டு வெச்சு நிமித்தி, சுத்தியும் கருங்கல் சில்லு இடிச்சு இறுக்குங்க. சிமெண்டு வேண்டாம், பின்னால பிரிக்கோணும்னா கல்லுதான் ஒடையும்.

எழுத்தோ சிற்பமோ இருந்தா தொடாதீங்க. எனாமல் பெயிண்ட், கம்பி பிரஷ், எழுத்து தெரியட்டும்னு சாக்பீஸ், எதுவும் வேண்டாம். பக்கத்துல ஒரு அளவுகோல் வெச்சு, சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழறப்ப போட்டோ எடுத்து, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்க. தோண்டறப்ப காசு, பானை கெடைச்சா வேலையை அங்கயே நிறுத்தி விஏஓகிட்டச் சொல்லுங்க. பத்து ரூபா மதிப்புக்கு மேல புதையல்னா கலெக்டருக்குத் தெரிவிக்கோணும்னு 1878 சட்டமே இருக்குது.

புரட்டாசிக்குள்ள தண்ணி வேலை முடிஞ்சிருக்கோணும். இட்டேரி தோட்டத்தைவிடப் பள்ளமா இருந்தா மழைத்தண்ணி பூரா அதுலதான் ஓடும். சரிவுல தடத்துக்குக் குறுக்க, சாய்வா பலகைக்கல் பதிச்சு, தண்ணியைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்புங்க. நேர் குறுக்கா பதிச்சா மேல மண்ணு தேங்கி, தண்ணி கல்லைத் தாண்டிக் கீழ குழி பறிக்கும். வெளிய விடற எடம் ஒருத்தரோட காடா இருந்தா, தோட்டத்துக்கார அண்ணன்கிட்ட மொதல்லயே பேசிருங்க.

காகிதமும் வேணும்ங்க. புலப்படமும் (நெலத்தோட அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (நெலம் யாரு பேருல, என்ன வகைன்னு இருக்கற வருவாய்த் துறைப் பதிவேடு) எடுத்து, தடம் வண்டிப்பாதைப் புறம்போக்கா, பட்டா நெலமான்னு பாருங்க. புறம்போக்குன்னா சர்வே எண்ணோட அக்டோபர் 2 இல்லாட்டி நவம்பர் 1 கிராம சபையில தீர்மானம் போடச் சொல்லுங்க. தீர்மான நகல் ஒண்ணு கையெழுத்தோட வாங்கி வெச்சுட்டு, அதுக்கப்பறம் அளவுக்கு மனு குடுங்க.