கிண்டிக் காட்டில் மரக்கன்று நடலாமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிண்டி தேசியப் பூங்காவுக்கு ஏதாவது செய்ய ஆசையாம், அலுவலக நண்பர்கள் முப்பது பேர் தயாராக இருக்கிறார்களாம். உள்ளே மரக்கன்று நடலாமா, இல்லையென்றால் மான்களுக்குக் கீரை, பழம் வாங்கிப் போடலாமா என்கிறார்.

இரண்டுமே வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

கிண்டியில் இரண்டு வகை மான் உண்டு. புள்ளிமான் மரத்தடியிலும் புதரிலும் சமாளித்துக்கொள்ளும். வெளிமான் அப்படி இல்லை, பேருக்கு ஏற்ற மாதிரி அதற்கு வெட்டவெளி வேண்டும். ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து, ஓடித் தப்பிக்கிற விலங்கு அது. போலோ மைதானம் என்று சொல்கிற புல்வெளி போன்ற இடங்கள்தான் அதற்கு வீடு. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா கிடக்கிற காலி இடமாகத் தெரியும், உடனே நாலு கன்று வைத்தால் என்ன என்று கை துறுதுறுக்கும். வைத்து, அது மரமாகி, பக்கத்தில் சீமைக்கருவேலமும் சேர்ந்துகொண்டால் புள்ளிமானுக்கு ஒன்றுமில்லை, வெளிமானுக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போகும். மரம் இருக்கிற பகுதிக்கும் நாம் நட வேண்டியதில்லை. அது சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு, பறவையும் புனுகுப் பூனையும் பழத்தைத் தின்று விதை போட்டே அது வளரும்.

அப்புறம், தீனி. நீங்கள் கீரைதான் கொண்டுபோவீர்கள், சரி. ஆனால் வேலியோரம் போனால் சாப்பாடு கிடைக்கும் என்று மான் பழகிவிட்டால், அடுத்து வருகிறவர் சிப்ஸ் போடுவார், உப்பு வாசனைக்காக அந்தப் பையையும் சேர்த்து மென்றுவிடும். அசைபோடுகிற விலங்கு இல்லையா, பிளாஸ்டிக் முதல் இரைப்பையிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், பட்டினியில் சாகும். வேலியோரம் வந்தால் தெருநாய் வேறு.

சரி, அப்போது என்னதான் செய்வது? முதலில் இந்தக் காடு எப்படிச் சுருங்கியது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1910இல் காப்புக்காடாக அறிவித்தபோது 505 ஹெக்டேர். 1958இல் ஒரு பகுதி ஐஐடிக்குப் போனது. பிறகு கல்வி நிறுவனங்களுக்கு, தலைவர்களின் நினைவிடங்களுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய், 1978இல் தேசியப் பூங்கா ஆனபோது சுமார் 270 ஹெக்டேர்தான் மிச்சம். இதில் எதுவுமே கெட்ட காரியத்துக்காக எடுத்தது கிடையாது, கவனியுங்கள். அதனால்தான் எதிர்த்துப் பேசவும் அவ்வளவு கஷ்டம். இனிமேலும் யாராவது காட்டிலோ காட்டை ஒட்டியோ "கொஞ்சம் இடம்தானே" என்று கேட்டு வந்தால், கருத்துக்கேட்பு நடக்கும்போது போய் உட்கார முப்பது பேர் வேண்டும். கன்று நடுவதைவிட அந்த முப்பது பேர்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இன்னொன்று, வேளச்சேரியில் இருந்துகொண்டு கிண்டியைக் கேட்கிறீர்களே, பள்ளிக்கரணை உங்களுக்குக் கூப்பிடு தூரம்! 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்புநிலம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது, இங்கே சாலையோரம் நின்றாலே நீலத் தாழைக்கோழி தெரியும், பருவத்தில் பூநாரையும் வரும். பொங்கல் விடுமுறையில் வருடாவருடம் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் "இங்கே பறவையே கிடையாது" என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூடவே வீட்டுக் குப்பையையும் பிரித்துக் கொடுங்கள். தென்சென்னைக் குப்பையைப் பல வருடங்களாகக் கொட்டிய பெருங்குடிக் கிடங்கு அந்தச் சதுப்புநிலத்தில்தான் இருக்கிறது.

கன்றுகளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வீணாக்க வேண்டாம், புங்கனோ பூவரசோ உங்கள் தெருவிலேயே வையுங்கள். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.