திரைக்கு இந்தப் பக்கமும் ஒரு ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். போன், வீடியோ வழியாகத் தூரத்திலிருந்தே மருத்துவர் பார்க்கும் தொலைமருத்துவம், நோயாளியை மருத்துவரிடம் நெருங்க வைக்கிறதா, விலக வைக்கிறதா என்பது தலைப்பு. நெருங்க வைக்கிறது என்று அடித்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தொட்டுப் பார்க்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்று எதிரணியில் முதலில் பேசியவர் கேட்டார், பலத்த கைதட்டலும் வாங்கினார். சரி, கம்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாகச் சர்க்கரை நோய், ஆனால் கண்ணில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி தேனிக்கோ மதுரைக்கோ போய் விழித்திரையைக் காட்டுவாரா? மாட்டார். சர்க்கரையால் விழித்திரை கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் அறிகுறியே தெரியாது, பார்வை குறைந்த பிறகு வந்தால் போனதை முழுசாக மீட்பது கஷ்டம். மருத்துவர் தொட்டுப் பார்க்கத் தயார்தான், அந்த அம்மாதான் அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வரப்போவதில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் விஷன் சென்டர்களைத் திறந்தது இதற்காகத்தான். இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் கண்ணைக் கருவியில் வைத்துப் பார்க்கிறார், பவர் சோதிக்கிறார், தேவையென்றால் விழித்திரையைப் படமெடுக்கிறார். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதையெல்லாம் பார்த்துவிட்டு நோயாளியிடமே வீடியோவில் பேசுகிறார். ஆபரேஷன் மாதிரி பெரிய சிகிச்சை தேவைப்படுபவர்தான் பஸ் ஏற வேண்டும். தொடும் கை இங்கே இல்லாமல் போகவில்லை நடுவர் அவர்களே, அது உள்ளூர்க் கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் பேசியவர் 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினார். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பலவீனமாகி உடம்புக்குப் போதுமான ரத்தத்தை அனுப்ப முடியாத நோய், உள்ள 1,653 பேர், தொலைவிலிருந்து கண்காணிப்பு, ஆனால் மரணமும் குறையவில்லை, மறுபடி ஆஸ்பத்திரியில் சேருவதும் குறையவில்லை. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நோயாளிகள் தினமும் யாரிடம் பேசினார்கள் என்பதை அவர் சொல்லவில்லையே! பதிவுசெய்த குரலிடம். அது கேட்கக் கேட்க இவர்கள் போனில் பட்டனை அமுக்க வேண்டும். ஏழில் ஒருவர் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. 2018இல் ஜெர்மனியிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது, 1,571 பேர், அதே நோய். எடை, ரத்த அழுத்தம், இசிஜி எல்லாம் வீட்டிலிருந்து தினமும் பெர்லின் போய்ச் சேர, அங்கே 24 மணி நேரமும் மருத்துவர்களும் செவிலியர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள், மாதாமாதம் போன் செய்து விசாரித்தார்கள், எடை திடீரென ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று புரிந்து மூச்சு முட்டுவதற்கு முன்பே மருந்தை மாற்ற முடிந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் ஆண்டுக்கு நூறு பேருக்குச் சுமார் 11 மரணம், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களிடம் 8க்குப் பக்கம்தான். நூற்றுக்கு மூன்று உயிர். இதை எப்படி விலகல் என்கிறீர்கள்?

போனிலேயே எல்லா மருந்தையும் எழுதித் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்துக்குப் பதில் 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. போதை தரக்கூடிய மருந்துகளை எழுத முடியாது, நேரில் வா என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கு எப்போதும் உண்டு.

கடைசியாக, ஸ்மார்ட்போன் இல்லாத ஏழை என்ன செய்வார் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அந்தக் கவலை உண்டு. விஷன் சென்டருக்கு வருபவர் கையில் போனே வேண்டாம். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் இதே வழி இருக்கிறது, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கிருக்கும் ஊழியர் மருத்துவருடன் இணைத்துவிடுவார். அந்த நாற்காலி காலியாக இருந்தால் ஆள் போடு என்று கேட்போம், மலைக்கிராமத்தில் சிக்னல் இல்லையென்றால் டவர் போடு என்று கேட்போம், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். ஆனால் அந்தக் குறையைக் காரணம் காட்டி, இருக்கிற ஒரு வழியையும் அடைக்கச் சொல்லாதீர்கள்.