சியராவைக் குடைந்தவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

1862-இல் அதிபர் லிங்கன் ஒப்பமிட்ட சட்டத்தின்படி, அமெரிக்காவின் குறுக்கே இருப்புப் பாதை போட இரண்டு நிறுவனங்கள் முன்வந்தன. யூனியன் பசிபிக் ஒமாஹாவிலிருந்து மேற்கே வந்தது. சென்ட்ரல் பசிபிக் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே சென்றது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என அரசின் கடன்பத்திரங்களும், வழிநெடுக நிலமும் அவற்றுக்குக் கிடைத்தன. அந்த நிலத்தில் தொல்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்ட்ரல் பசிபிக்கின் வழியை மறித்து நின்றது சியரா நெவாடா மலை. அதைக் குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். உச்சியில் அமைந்த சுரங்கப் பாதையின் நீளம் 1,659 அடி; முழுவதும் கருங்கல். ஒருவர் உளியைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருக்க, மற்றவர்கள் சம்மட்டியால் அடிப்பார்கள்; துளை விழுந்ததும் வெடிமருந்தைத் திணித்துத் திரி கொளுத்திவிட்டு ஓடுவார்கள். இப்படி நாள் முழுக்க உழைத்தும் ஒரு முகப்பில் ஓரடி நகர்ந்தாலே பெரிது என்பதால், நடுவில் செங்குத்தாக ஒரு கிணறு தோண்டி, இரு முனைகளிலிருந்தும் கிணற்றின் இரு பக்கங்களிலிருந்தும், ஆக நான்கு முகப்புகளில் ஒரே நேரத்தில் குடைந்தார்கள். வெந்நீரில் போட்ட தேநீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் காவடியாகச் சுமந்துவந்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். கொதித்த நீரைக் குடித்ததால் வயிற்றுக்கடுப்பு அவர்களை அதிகம் அண்டவில்லை. பனிச்சரிவுகளோ பலரை உயிரோடு புதைத்தன.

1867 ஜூன் மாதத்தில், வெள்ளையருக்கு நிகரான ஊதியம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். நிறுவனத்தின் கட்டுமானத் தலைவர் சார்லஸ் கிராக்கர் உணவுப் பொருள்கள் வருவதைத் தடுத்தார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. பட்டினி போட்டுப் பெற்ற அந்தப் பணிவை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைலுக்கும் அதிகமாகத் தண்டவாளம் பதித்தார்கள். தண்டவாளங்களைத் தூக்கிய எட்டு அயர்லாந்துக்காரர்களின் பெயர்கள் பதிவாயின. சீனர்களின் பெயர்களைத் தேடினால், சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் குழுத் தலைவரின் பெயர்தான் இருக்கிறது.

மே 10 அன்று யூட்டாவின் புரோமொண்டரியில் பாதைகள் இணைந்தன. மாதக்கணக்கான பயணம் ஒரு வாரத்துக்குள் சுருங்கியது. சரக்குகளும் குடியேறிகளும் குவிந்தனர். மறு ஆண்டு கோடையில் அதே பாதையில் கிழக்கிலிருந்து சாக்ரமென்டோவுக்கு ஒரு ரயில் வந்ததாக அவ்வூர் நாளேடு எழுதியது. பாதை போடுகையில் இறந்த சீனர்களின் எலும்புகள், தாய்மண்ணில் அடக்கம் செய்வதற்காக, அதில் வந்திறங்கின.