கல்லூரி வாசலை முதலில் திறப்பது முகவரியே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில், விண்ணப்பிப்போரில் மிகச் சிலரையே சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளில் இடம் கிடைப்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மாணவரின் உழைப்பா, அவர் வாழும் இடமா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும், இணையம் வந்த பிறகு ஊர் ஒரு பொருட்டே அல்ல" என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். உழைக்காத பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரே அளவு உழைத்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் வழக்கு. இல்லை என்கிறோம் நாங்கள். அந்த வேறுபாட்டில் முகவரிக்கே முதல் பங்கு என்கிறோம்.

நடுவர் அவர்களே, உழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் பள்ளிக்கு வரும் பணத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் வருவாயில் பெரும் பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள், அதாவது தத்தம் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள், இருக்கின்றன. 1967–68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள், சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். வசதி படைத்த அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். கூடுதல் வரிவிகிதத்தைச் சுமந்த எட்ஜ்வுட்டில் உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகச் சுமந்த இடத்தில் 333 டாலர். மாநில, மத்திய உதவிகளையெல்லாம் சேர்த்த பிறகும் ஒருபுறம் 356, மறுபுறம் 594 என்றுதான் கணக்கு நின்றது. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில், இந்த முறை அமெரிக்க அரசமைப்புக்கு முரணானதல்ல என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாநில அரசமைப்பின்படி அது செல்லாது என்று டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல்தான் சொன்னது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அங்கே படித்து முடித்த பிள்ளைகளிடம் போய், உங்கள் உழைப்பு போதவில்லை என்று எதிரணியினர் சொல்வார்களா? அவர்களுடைய பெற்றோர் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்கள் அல்லவா?

பணம் ஒரு பக்கம். அதைவிட ஆழமான பாதிப்பு, விண்ணப்பமே எழுதப்படாமல் போவது. பொருளியல் அறிஞர்கள் கரோலைன் ஹாக்ஸ்பி, கிறிஸ்டஃபர் ஏவரி இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வை அவையின் முன் வைக்கிறேன். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர், தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரி எதற்கும் விண்ணப்பிப்பதே இல்லை என்று அவர்கள் கண்டார்கள். அத்தகைய கல்லூரிகள் தரும் தாராளமான உதவித்தொகையால், அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே படிப்பது பல வேளைகளில் பக்கத்து ஊர்க் கல்லூரியைவிடக் குறைந்த செலவிலேயே முடிந்திருக்கும். அப்படியும் விண்ணப்பிக்காதவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்றால், தனிச் சிறப்புப் பள்ளி நடத்தும் அளவுக்கு மாணவர் எண்ணிக்கை இல்லாத சிறு பள்ளி மாவட்டங்களில். தங்களைப் போன்ற கெட்டிக்காரத் தோழர்கள் சுற்றிலும் இல்லாத ஊர்களில். அத்தகைய கல்லூரியில் படித்த ஓர் ஆசிரியரையோ மூத்த மாணவரையோ சந்திக்க வாய்ப்பே அமையாத இடங்களில். மதிப்பெண் இருந்தது, உழைப்பும் இருந்தது. இல்லாமல் போனது, "உனக்கு அங்கே இடம் கிடைக்கும், எழுது" என்று சொல்ல ஒரு வாய்.

அந்த வாய் பள்ளி ஆலோசகருடையதாக இருக்க வேண்டும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அதைவிட மிக அதிகம். நல்ல பள்ளி மாவட்டத்தில் பதினோராம் வகுப்பிலேயே மாணவரை அழைத்து உட்கார வைத்து, எந்தக் கல்லூரி, எந்தக் கெடு, பரிந்துரைக் கடிதத்தை எந்த ஆசிரியரிடம் கேட்பது என்றெல்லாம் பேசுகிறார்கள். இன்னொரு இடத்திலோ ஆலோசகரின் நாள் முழுவதும் பாட அட்டவணையை மாற்றுவதிலும் வருகைப் பதிவுச் சிக்கல்களிலுமே கழிந்துவிடுகிறது. முன்கூட்டியே முடிவு சொல்லும் சேர்க்கைக்கான கெடு பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும் என்பதை, அந்தக் கெடு முடிந்த பிறகு அறிந்துகொள்ளும் பிள்ளையை இணையம் எப்படிக் காப்பாற்றும்? தேடத் தெரிந்தவருக்குத்தான் இணையம் விடை சொல்லும். எதைத் தேட வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழப் பாதியில் நுண்கணிதப் பாடமே கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஒரு நல்ல வினாவை எழுப்பினார். "மொன்டானா போன்ற மக்கள்தொகை குறைந்த மாநிலத்து மாணவரைத்தான் பெரிய கல்லூரிகள் விரும்பி அழைக்கின்றனவே, அப்படியென்றால் சிற்றூர்ப் பிள்ளைக்கு என்ன குறை?" என்றார். நன்றி, ஐயா. இடம் கணக்கில் வருகிறது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சேர்க்கையில் ஆசிய அமெரிக்கருக்குப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2018-இல் விசாரணைக்கு வந்தபோது, விண்ணப்பங்கள் குறைவாக வரும் 20 மாநிலங்களை அந்தப் பல்கலைக்கழகம் தனியே பட்டியலிட்டிருந்தது வெளிவந்தது. அங்கே வாழும் வெள்ளையின மாணவருக்கு, விண்ணப்பிக்கத் தூண்டும் கடிதம் அனுப்ப, கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாக எழுதும் PSAT தேர்வில் 1310 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. ஆசிய அமெரிக்க மாணவிக்கு 1350-உம் மாணவனுக்கு 1380-உம் தேவைப்பட்டன. இதில் இனமும் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடிதம் சேர்க்கை ஆகிவிடாது என்பதும் தெரியும். ஆனால் முகவரியைப் பார்த்தே அந்த அளவுகோல் நகர்ந்தது. இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட ஹார்வர்டின் தலைவர் லோவல் 1922-இல் முயன்றார். வெளிப்படையான வரம்பு ஏற்கப்படவில்லை. மறு ஆண்டில், பெரிதும் தெற்கு, மேற்கு மாநிலங்களை மனத்தில் கொண்டு, வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வந்தவர்களை நுழைவுத் தேர்வின்றிச் சேர்க்கும் திட்டம் வந்தது. யாரை உள்ளே விடுவது என்ற கேள்விக்கு ஊரை வைத்து விடை தேடுவது நூறாண்டுப் பழக்கம். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாதெமியில் சேர விரும்புவோரில் பெரும்பாலோர் தங்கள் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் பரிந்துரை பெற வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரே நேரத்தில் அங்கே ஐந்து பேருக்கு மேல் படிக்க முடியாது. போட்டி கடுமையான தொகுதியில் பிறந்த பிள்ளை தன் மதிப்பெண்ணோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் சுமக்கிறது.

இடத்தின் வலிமையைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கும் சான்று உண்டு. டெக்சஸ் மாநிலம் 1997-இல், ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 சதவீதத்துக்குள் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு என்று சட்டம் செய்தது. அதன் பின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மாணவரை அனுப்பும் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது. மாணவர்களின் உழைப்பு அந்த ஒரே ஆண்டில் திடீரென்று பெருகிவிட்டதா? பெருகவில்லை. அதுவரை அவர்களுடைய பள்ளியின் பெயர் வழியை அடைத்திருந்தது. சட்டம் அதைத் திறந்தது. அந்த வரம்புக்குள் வருவதற்காகவே பிள்ளையின் உயர்நிலைப் பள்ளியை மாற்றிய குடும்பங்களும் உண்டென்று பொருளியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எதிரணி நண்பர்களே, இந்த அவையில் இருக்கும் பெற்றோரில் பலர், வீடு வாங்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே அது எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று கேட்டவர்கள். பிள்ளை மீது நம்பிக்கை இல்லாமல் அவர்கள் கேட்கவில்லை. உங்கள் அடுத்த பேச்சாளர் எழுந்து வரும்போது, அந்தக் கேள்வியை அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பதற்கு மட்டும் விடை தரட்டும். எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு நடுவரை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.